பலா பழுக்கும் நாளை யார் எழுதி வைப்பது?

(பர்லியாரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளிப் பிள்ளைகள் உண்மையான உயிரியல் ஆராய்ச்சியில் பங்கெடுக்க முடியுமா என்பது எனக்குத் தரப்பட்ட பொருள். முடியும் என்பதற்கு உலகில் சான்றுகள் நிறைய உண்டு. சிலவற்றைச் சொல்லப் போகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கும் ஒரு படி மேலே. சில ஆராய்ச்சிகளைப் பள்ளிப் பிள்ளைகளால்தான் செய்ய முடியும். பல்கலைக்கழகத்தால் முடியாது, ஆய்வு நிறுவனத்தால் முடியாது. அப்படிப்பட்ட ஆராய்ச்சி ஒன்று பர்லியாரிலேயே காத்துக்கிடக்கிறது. அதனால்தான் இந்தச் சொற்பொழிவை இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று கேட்டேன்.

பலா பழுக்கத் தொடங்கினால் யானை மேலேறி வரும். இது இந்த மேட்டுப்பாளையம்-குன்னூர் மலைச்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. கல்லாறுக் காட்டிலிருந்து கிளம்பி பர்லியார், மரப்பாலம், ஹில்குரோவ், கே.என்.ஆர். என்று பலா மரம் நிற்கிற இடமெல்லாம் வரும். அரசுப் பேருந்து ஓட்டுநருக்குத் தெரியும், தோட்டத்தில் வேலை செய்யும் அம்மாக்களுக்குத் தெரியும், சோதனைச் சாவடியில் நிற்பவருக்குத் தெரியும். பழக்கடைக்காரர்களைக் கேட்டால் 'சீசன் வந்தாச்சு, பார்த்துப் போங்க' என்பார்கள். சரி, எந்த வாரத்தில் முதல் பழம் பழுத்தது? கீழே கல்லாறில் பழுத்து எத்தனை நாள் கழித்து மரப்பாலத்தில் பழுத்தது? பத்து ஆண்டுக்கு முன்பு இதே மரம் எந்த வாரத்தில் பழுத்தது? யானை வந்தது பழம் பழுத்த பிறகா, காய் முற்றும்போதேயா? இவற்றுக்கு விடை சொல்ல வேண்டுமானால் யாராவது வாராவாரம் மரத்தைப் பார்த்து, தேதி போட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். நினைவிலிருந்து சொல்வது போதாது. நல்ல மழை பெய்த ஆண்டும் யானை ஆளை அடித்த ஆண்டும் நினைவில் நிற்கும். இடையிலுள்ள சாதாரண ஆண்டுகள் கரைந்துபோகும். ஆராய்ச்சிக்கு அந்தச் சாதாரண ஆண்டுகள்தான் அதிகம் தேவை.

இந்த மலைச்சாலையின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். கல்லாறைத் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். பர்லியார் சுமார் 800 மீட்டர். குன்னூர் 1,700 மீட்டரைத் தாண்டிவிடும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் ஒரே பேருந்துத் தடத்தில், ஒரே நாளில், வெவ்வேறு தட்பவெப்பத்தில் ஒரே வகை மரம் நிற்கிறது. காலநிலை மாறினால் மரங்கள் என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ள மேலைநாடுகளில் கண்ணாடிக் கூடம் கட்டி, சூடேற்றி, பல ஆண்டு சோதனை செய்கிறார்கள். இங்கே மலையே அந்தச் சோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது. அளவெடுக்க ஆள்தான் இல்லை.

1918இல் ஆண்ட்ரூ டெல்மர் ஹாப்கின்ஸ் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் ஒரு விதியை எழுதினார். 400 அடி மேலே போனால் தளிர்ப்பதும் பூப்பதும் நான்கு நாள் தள்ளிப்போகும் என்பது அந்த விதி. அதைப் பலாவுக்குப் போட்டுப் பார்ப்போம். கல்லாறில் நிற்கும் மரத்துக்கும் அதைவிட 800 மீட்டர் மேலே நிற்கும் மரத்துக்கும் இடையே 26 நாள் வித்தியாசம் வர வேண்டும். எட்டாம் வகுப்புக் கணக்கு இது. ஆனால் ஹாப்கின்ஸ் கண்டது பனிக்காலம் முடிந்து வசந்தம் வரும் நாட்டை. நம் மலைக்கு இரண்டு பருவமழை. இந்தச் சரிவில் வடகிழக்குப் பருவமழை வலுவாகப் பெய்யும். இங்கே பலா வெப்பத்தைப் பார்த்துக் காய்க்கிறதா, மழையைப் பார்த்தா? 26 நாள் வருமா, பத்து நாள் வருமா, மேலே உள்ள மரம் முந்திக்கொள்ளுமா? பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இதற்கு விடை அச்சாகியிருக்காது. ஆசிரியருக்கும் தெரியாது. விடை தெரியாத ஒரு கேள்வியை ஆசிரியரும் மாணவரும் ஒரே பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. மற்றதெல்லாம் செய்முறைப் பயிற்சி. அதுவும் வேண்டும், ஆனால் அது வேறு.

பல்கலைக்கழகத்தால் ஏன் முடியாது என்று கேட்பீர்கள். ஆராய்ச்சித் திட்டத்துக்கு நிதி வருவது பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு. முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு. பட்டம் கிடைத்ததும் அந்த மாணவர் வேறு ஊருக்குப் போய்விடுவார், போகத்தான் வேண்டும். மரமோ ஐம்பது, அறுபது ஆண்டு காய்க்கிறது. பள்ளிக்கூடம் நகர்வதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஓர் எட்டாம் வகுப்பு வந்து உட்காரும். அக்கா பார்த்த மரத்தைத் தம்பி பார்ப்பான், அவன் பார்த்ததை அவன் மகள் பார்ப்பாள். இங்கிலாந்தில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736இல் தம் தோட்டத்தில் முதல் பூ, முதல் தளிர், முதல் குயில் குரல் என்று குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து 1958 வரை எழுதினார்கள். காலநிலை ஆய்வாளர்கள் இன்று அந்தக் குறிப்புகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு குடும்பத்தால் முடிந்தது ஒரு பள்ளியால் முடியாதா?

நீலகிரிக்கு இப்படி ஒரு மரபு ஏற்கெனவே உண்டு. அதிலும் குறிப்பாக வண்ணத்துப்பூச்சிகளில். கல்லாறு, பர்லியார் சரிவில் மழை ஓய்ந்தபின் ஈரமணலில் அவை கூட்டமாக அமர்ந்து உப்பு உறிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த மலையின் வண்ணத்துப்பூச்சிகளுக்கு முதலில் முறையான பட்டியல் போட்டவர்களில் ஒருவர் ஜார்ஜ் ஹாம்சன். 1888இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் எழுதினார். அவர் இங்கே தேயிலைத் தோட்டம் வைத்திருந்தவர். 1944இல் அதே இதழில் அடுத்த பட்டியலை வெளியிட்டவர் மார்க் அலெக்சாண்டர் வின்டர்-பிளைத். அவர் தொழில்முறை விஞ்ஞானி அல்ல, பள்ளி ஆசிரியர். பின்னாளில் ராஜ்கோட் ராஜ்குமார் கல்லூரியில் முதல்வராக இருந்தார். 1957இல் அவர் எழுதிய இந்திய வண்ணத்துப்பூச்சிகள் கையேடு பல தலைமுறை ஆர்வலர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அவர் பெயரிலேயே நீலகிரியில் ஒரு வண்ணத்துப்பூச்சி ஆர்வலர் அமைப்பு இயங்குகிறது. 1980களில் டோர்பன் லார்சன் என்ற டென்மார்க்காரர் வந்து மறுபடி கணக்கெடுத்தார். ஏறத்தாழ 300 வகை. நம் மாநிலத்தின் வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் குடிமகன்தான்.

தோட்டக்காரர், பள்ளி ஆசிரியர், ஒரு வெளிநாட்டு ஆர்வலர். மூன்று பட்டியல்கள். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி எவ்வளவு பெரியது! அன்று கீழ்ச்சரிவில் மட்டும் பறந்த ஒரு வகை இன்று குன்னூர்வரை ஏறிவிட்டதா? வெப்பம் கூடும்போது உயிரினங்கள் மலைமேல் ஏறுகின்றன என்று உலகின் பல மலைகளில் கண்டிருக்கிறார்கள். இந்த மலையின் விவரத்தை இந்த மலையில் இருப்பவர்கள்தான் சேர்க்க வேண்டும். அதற்கு வலை வேண்டாம், பிடிக்க வேண்டாம், கொல்லவே வேண்டாம். ஒரு கைபேசிப் படம், தேதி, இடம், உயரம். போதும்.

வண்ணத்துப்பூச்சி என்றதும் மொனார்க் கதையைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் பறக்கும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது நெடுநாள் புதிர். டொரண்டோவைச் சேர்ந்த பிரெட் அர்க்கர்ட்டும் அவர் மனைவி நோராவும் பல பத்தாண்டுகள் அதைத் தேடினார்கள். சிறகில் ஒட்டும் மிகச் சிறிய காகிதச் சீட்டை உருவாக்கி, கண்டம் முழுவதும் தன்னார்வலர்களைச் சேர்த்து ஒட்டச் சொன்னார்கள். 1975 ஜனவரியில் மெக்சிகோ மலைக்காட்டில் மரக்கிளைகள் வளையும் அளவுக்குக் கோடிக்கணக்கில் அவை அமர்ந்திருப்பது தெரியவந்தது. ஆனால் வடக்கிலிருந்து வந்தவைதான் அவை என்பதற்குக் கைமேல் சான்று வேண்டுமே? 1976 ஜனவரியில் அர்க்கர்ட் தாமே அந்த மலைக்குப் போனார். அங்கே வெள்ளைச் சீட்டு ஒட்டிய ஒரு வண்ணத்துப்பூச்சி கிடைத்தது. 1975 ஆகஸ்டில் மின்னசோட்டா மாநிலத்தின் சாஸ்கா என்ற ஊரில் அதை ஒட்டியவர்கள் ஒரு பள்ளி ஆசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும். ஒரு விஞ்ஞானியின் வாழ்நாள் தேடலை முடித்துவைத்த சான்று இரண்டு பள்ளி மாணவர்களின் விரல் பட்டது.

மொனார்க்கின் உறவுக்காரர்களான வரியன், கருப்பன் இனங்கள் தமிழ்நாட்டில் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே இடம்பெயர்கின்றன. தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும் அது ஓய்ந்த பின்னும் பல்லாயிரக்கணக்கில் பறந்து போகும். எந்தத் தேதியில், எந்தத் திசையில், நிமிடத்துக்கு எத்தனை என்று ஊர் ஊராக எண்ணினால்தான் அந்தப் பாதை வரைபடமாகும். எண்ணுவதற்குத் தேவை பொறுமையும் ஒரு கடிகாரமும்.

அதே மின்னசோட்டாவில் 1995 ஆகஸ்டில் ஹெண்டர்சன் என்ற ஊருக்கருகே, களப்பயணம் போன ஒரு பள்ளியின் மாணவர்கள் தவளை பிடித்துப் பார்த்தார்கள். பின்னங்கால் இல்லாத தவளை, கூடுதல் கால் முளைத்த தவளை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் எண்ணினார்கள், எழுதினார்கள், உரியவர்களுக்குச் சொன்னார்கள். அதிலிருந்து நாடு தழுவிய ஆராய்ச்சி கிளம்பியது. தலைப்பிரட்டையின் கால் முளைக்கும் இடத்தில் நுழையும் ஒரு தட்டைப்புழு ஒட்டுண்ணி இப்படிக் கால்களைக் கெடுக்கக்கூடும் என்று 1999இல் சோதனையில் காட்டினார்கள். வேறு காரணங்களும் விவாதிக்கப்பட்டன. காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள். ஆனால் கேள்வி இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்கள்.

இன்னும் சின்னப் பிள்ளைகள் வேண்டுமா? 2010 டிசம்பரில் 'பயாலஜி லெட்டர்ஸ்' என்ற லண்டன் ராயல் சொசைட்டி இதழில், இங்கிலாந்தின் பிளாக்காட்டன் என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கட்டுரை வெளிவந்தது. எட்டு முதல் பத்து வயது வரை. வண்டுத்தேனீக்கள் நிறத்தையும் அது அமைந்திருக்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்து எந்தப் பூவுக்குப் போவதென்று கற்றுக்கொள்கின்றன என்று காட்டினார்கள். படங்களைக் கையால் வரைந்தார்கள். நரம்பியலாளர் போ லாட்டோ உடனிருந்து வழிநடத்தினார். கேள்வியும் சோதனைத் திட்டமும் பிள்ளைகளுடையவை. ஓர் அறிஞர் பள்ளிக்குள் வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

நம் நாட்டுக்கு வருவோம். பறவையியல் அறிஞர் சாலிம் அலி பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் குதிரை லாயத்துச் சுவரில் கூடு கட்டிய சிட்டுக்குருவிகளைக் கவனித்துக் குறிப்பு எழுதினார். ஆண் குருவி போனால் பெண் குருவி எவ்வளவு விரைவில் அடுத்த துணையைச் சேர்த்துக்கொள்கிறது என்பது அதில் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் குறிப்பு அப்படியே அச்சாகியது. ஆனால் சாலிம் அலிகள் அபூர்வம் என்பதால் எல்லாப் பிள்ளைகளையும் விட்டுவிடக் கூடாது. திறமைசாலியைத் தேர்வு வைத்துப் பொறுக்கியெடுத்து உதவித்தொகை தரும் திட்டங்கள் நம் நாட்டில் வந்தன, போயின. அவை தேவைதான். எனக்குக் கவலை அந்தத் தேர்வுக்கு விண்ணப்பிக்கவே நினைக்காத பிள்ளையைப் பற்றி.

அந்தப் பிள்ளைக்கும் இடமளித்த முயற்சி என்று நான் மதிப்பது இரண்டு. ஒன்று, 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயதுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலை எடுத்துக்கொண்டு ஆய்வு செய்து, தங்கள் தாய்மொழியிலேயே முன்வைக்கலாம். தமிழ்நாட்டில் இதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்திவருகிறது. ஊர்க்குளத்துத் தண்ணீர், வயலில் பூச்சிமருந்து, மூலிகை என்று எத்தனையோ ஆய்வுகள் கிராமத்துப் பள்ளிகளிலிருந்து வந்திருக்கின்றன. இன்னொன்று சீசன்வாட்ச். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கி, பதினைந்து ஆண்டுகளாக நடக்கிறது. ஒரு பிள்ளை ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கும். வாரம் ஒருமுறை அதே மரத்தைப் பார்த்துத் தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றும் இல்லை, கொஞ்சம், நிறைய என்ற மூன்றில் எது என்று குறிக்கும். அவ்வளவுதான். அதில் வந்து சேர்ந்த குறிப்புகளில் பெரும்பங்கு கேரளத்துப் பள்ளிப் பிள்ளைகளுடையது. பலாவும் மாவும் கொன்றையும் கேரளம் முழுக்க எப்போது பூத்துக் காய்க்கின்றன என்பதற்கு இன்று இருக்கும் பெரிய தரவுத் தொகுப்பு அந்தப் பிள்ளைகளின் கையெழுத்திலிருந்து வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நடப்பது இந்தப் பக்கம் ஏன் நடக்கவில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

நடக்காததற்கு ஒரு காரணத்தை ஆசிரியர்கள் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் அறிவியலைக் கண்காட்சி ஆக்கிவிட்டோம். தெர்மோகோல் எரிமலை, சொட்டுநீர்ப் பாசன மாடல், அட்டையில் ஒட்டிய இதயம். பல வீடுகளில் அதை இரவு கண்விழித்துச் செய்வது அப்பா. வசதி இருந்தால் கடையில் வாங்கிவிடுவார்கள். கண்காட்சி முடிந்த மறுநாள் அது குப்பைக்குப் போகும். அதில் கேள்வியே இல்லை. விடை முதலிலேயே எழுதி ஒட்டியாகிவிட்டது. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காக வானவில் மன்றம் தொடங்கியபோது நான் மகிழ்ந்தேன். அதில் பிள்ளை சோதனையைத் தன் கையால் தொட்டுச் செய்கிறது. அதற்கு அடுத்த படிதான் நான் கேட்பது. செய்துகாட்டும் சோதனையிலிருந்து, முடிவு தெரியாத கவனிப்புக்குப் போக வேண்டும்.

இரண்டாவது காரணம் மதிப்பெண். ஆராய்ச்சிக்கு மதிப்பெண் போட்டால் ஆராய்ச்சி செத்துப்போகும். நான் இதை உறுதியாகச் சொல்கிறேன். மரத்தில் பூ 'நிறைய' என்று எழுதிய பிள்ளைக்குப் பாராட்டும், 'இல்லை' என்று எழுதிய பிள்ளைக்கு முகச்சுளிப்பும் கிடைத்தால், அடுத்த வாரம் எல்லா மரத்திலும் பூ பூத்துவிடும். பிள்ளை பொய் சொல்லவில்லை. நாம் சொல்ல வைத்தோம். ஒரு வாரம் விட்டுப்போனால் அந்தக் கட்டம் வெற்றிடமாகவே இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரப்பிய கட்டம், வெற்றிடத்தைவிடப் பல மடங்கு கெடுதல். ஏனென்றால் வெற்றிடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும், நிரப்பியது காட்டிக்கொடுக்காது. 'இன்று யானை வரவில்லை' என்பதும் தரவு. 'காய் இல்லை' என்பதும் தரவு. இதைப் புரிந்துகொண்ட பிள்ளை ஆராய்ச்சியாளர் ஆகிவிட்டது, எந்த வகுப்பில் படித்தாலும்.

பிள்ளைகள் எழுதியதை நம்ப முடியுமா என்று விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு பிள்ளைகள் ஒரே மரத்தைத் தனித்தனியாகப் பார்த்து எழுதட்டும், பேசிக்கொள்ளாமல். பிறகு ஒப்பிடட்டும். எத்தனை முறை ஒத்துப்போனது என்று அவர்களே கணக்கிடட்டும். 'கொஞ்சம்' என்பது எதுவரை, 'நிறைய' எங்கிருந்து தொடங்குகிறது என்று சண்டை வரும். அந்தச் சண்டையில்தான் அளவீடு என்றால் என்னவென்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பெரிய ஆய்வுக்கூடங்களிலும் இதே சண்டைதான் நடக்கிறது. இதே மலையில் குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. அங்கேதான் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு இந்தியாவின் வெவ்வேறு வட்டாரச் சாப்பாட்டைக் கொடுத்து, எடை பார்த்து, எழுதி, நாட்டின் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கு அடித்தளம் போட்டார். 1918இல் சிறிய பிரிவாகத் தொடங்கிய அந்த வேலைதான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. எடை பார்ப்பதும் எழுதுவதும்தான் அதன் தொடக்கம்.

இனி கவனமாக இருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. இது யானை நடமாடும் சரிவு. பிள்ளைகள் மரத்தைப் பார்ப்பது பகலில், பள்ளி வளாகத்திலோ வீட்டு வாசலிலோ சாலை தெரியும் இடத்திலோ இருக்க வேண்டும். யானையைத் தேடிக்கொண்டு யாரும் போகக் கூடாது. யானை வந்த தேதியை வனத்துறையிடமும் ஓட்டுநர்களிடமும் கேட்டு எழுதினால் போதும். காட்டுக்குள் கால்வைக்க வனத்துறை அனுமதி வேண்டும். 1871 முதல் அரசுத் தோட்டமாக இருக்கும் பர்லியார் பழப்பண்ணையில் துரியன், மங்குஸ்தான், ஜாதிக்காய், கிராம்பு எல்லாம் நிற்கின்றன. துரியன் பூ மாலையில் விரியும். தென்கிழக்காசியாவில் அதற்கு வவ்வால் மகரந்தம் சேர்க்கிறது. இங்கே எது சேர்க்கிறது என்று பார்க்க எந்தப் பிள்ளைக்கும் ஆசை வரும். ஆசை நல்லது, இரவில் போவது நல்லதல்ல. காலையில், பண்ணையின் அனுமதியோடு, மரத்தடியில் உதிர்ந்த பூவையும் பிஞ்சையும் எண்ணினாலே பூவில் எத்தனை பங்கு காயாகிறது என்று தெரிந்துவிடும். வவ்வால் கடித்த பழத்தைத் தொடக் கூடாது. நிபா காய்ச்சல் 2018இல் கோழிக்கோட்டில் என்ன செய்தது என்று நமக்குத் தெரியும்.

இன்னொன்று மரியாதை பற்றியது. இந்தச் சரிவில் குறும்பர், இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. எந்த மரம் எப்போது பூக்கும், எந்தப் பூவுக்குத் தேனீ வரும், யானை எந்தத் தடத்தில் இறங்கும் என்பதெல்லாம் அவர்களுடைய பாட்டி தாத்தாக்களுக்குப் பிழைப்போடு கலந்த அறிவு. அந்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தால், இந்த வேலையில் அது முன்வரிசைக்கு வரும். வர வேண்டும். ஆனால் அந்த அறிவை அள்ளிக்கொண்டு போய் நம் பெயரில் எழுதக் கூடாது. கேட்டு, சம்மதம் பெற்று, சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடு எழுத வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். பிள்ளைகளைக் கூலியில்லாத ஆளாக வைத்துத் தரவு திரட்டிக்கொண்டு, கட்டுரை வந்ததும் பள்ளிக்கு ஒரு வரிகூட எழுதாத ஆராய்ச்சியாளர்களை எனக்குத் தெரியும். பள்ளியோடு சேர்ந்து வேலை செய்ய வருபவர் முடிவைத் தமிழில் எழுதி, அதே வகுப்பறையில் வந்து சொல்ல வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளாதவரைத் தலைமையாசிரியர்கள் உள்ளே விடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் கேட்பது இதுதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பள்ளிகள் ஒவ்வொன்றும் தன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு பலா மரத்தைத் தேர்ந்தெடுக்கட்டும். மேலே பலா இல்லாத பள்ளிகள் தங்கள் ஊர் மரம் ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். மரத்துக்கு ஓர் எண், உயரம், இடம். வாரம் ஒருமுறை, அதே கிழமையில், இரண்டு பிள்ளைகள். ஒரு தடித்த நோட்டு. அது ஆசிரியரோடு மாற்றலாகிப் போகாமல் பள்ளியிலேயே இருக்க வேண்டும், வருகைப் பதிவேட்டைப் போல. கைபேசியில் ஏற்றுவது பிறகு, முதலில் நோட்டு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் ஓரிடத்தில் கூடி நோட்டுகளை அருகருகே வைத்துப் படிக்கட்டும். கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை இருக்கிறது, உதகையில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆய்வாளர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். நோட்டில் மூன்று ஆண்டு எழுத்து இருந்தால் கூப்பிடாமலே வருவார்கள்.

பலா எந்த வாரம் எந்த உயரத்தில் பழுக்கும் என்று தெரிந்தால், யானை எந்த வாரம் எந்த வளைவில் நிற்கும் என்பதை முன்கூட்டியே ஊகிக்க வழி பிறக்கும். அந்த வாரத்தில் பள்ளிப் பேருந்தின் நேரத்தை மாற்றலாம், தோட்டத்துத் தொழிலாளர்களை எச்சரிக்கலாம், வீட்டருகே உள்ள காய்களை முன்பே இறக்கிவிடலாம். இது யாரோ ஒருவருடைய பட்டத்துக்கான ஆராய்ச்சி அல்ல. இந்தச் சாலையில் நடந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகளின் உயிரோடு சேர்ந்தது.

ஆசிரியர்களே, அடுத்த கல்வியாண்டு ஜூனில் தொடங்குகிறது. பலா அப்போது மரத்தில் பழுத்திருக்கும். பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே மரத்தைத் தேர்ந்தெடுத்து, முதல் வரியைப் பிள்ளைகளை எழுத விடுங்கள்.